எருவும் எரிவாயுவும்: வீட்டுச் சாண எரிவாயுக் கலன்களின் கட்டுமானக் குறிப்புகள் வழி ஒரு வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவில் சாண எரிவாயுக் கலன்களின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவோ அரசுத் திட்டங்களின் இலக்குக் கணக்காகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை கலனைக் கட்டுவோருக்கும் பயன்படுத்துவோருக்கும் வழங்கப்பட்ட நடைமுறைக் குறிப்புகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்கிறது. அக்குறிப்புகளுட் பல, முன்னர் நேர்ந்த பழுதுகளின் தடங்கள் என்பதும், கலனின் வடிவமைப்பு மாறியபோதெல்லாம் பழுதுக்குப் பொறுப்பேற்கும் கையும் மாறியது என்பதும் இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: சாண எரிவாயு, மிதக்கும் உருளை, குவிமாடக் கலன், கொத்தனார், வீட்டு எரிபொருள், கையேடு

முன்னுரை

சாண எரிவாயுக் கலன் குறித்த கையேடுகளைப் புரட்டுவோர் அவற்றில் ஒரே வகையான குறிப்புகள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். கலனை வெயில் படும் இடத்தில் அமைக்க வேண்டும்; அடுக்களைக்கு அருகிலும் குடிநீர்க் கிணற்றுக்குச் சேய்மையிலும் இருக்க வேண்டும். சாணத்தையும் நீரையும் சம அளவில் கரைத்து, வைக்கோலையும் மண்ணையும் நீக்கியபின் ஊற்ற வேண்டும். எரிவாயுக் குழாயைச் சற்றுச் சாய்வாகப் பதித்து, தாழ்ந்த இடத்தில் நீர் வடிய ஒரு திருகுகுழாய் வைக்க வேண்டும். கசிவைச் சோப்பு நீரால் மட்டுமே சோதிக்க வேண்டும், தீக்குச்சியால் கூடாது.

இக்குறிப்புகளைப் பொறியியல் அறிவுரைகள் என்று கருதி வரலாற்றாசிரியர் கடந்துவிடுவது வழக்கம். ஆயின் 'செய்யாதே' என்னும் அறிவுரை எழுதப்படுவதற்கு முன் யாரோ ஒருவர் அதைச் செய்திருக்கிறார். சாய்வின்றிப் பதித்த குழாயில் நீர் தேங்கி, அடுப்பில் சுடர் துள்ளி அணைந்த பிறகே சாய்வு பற்றிய வரி கையேட்டில் இடம்பெறும். அவ்வாறு நோக்கின் கையேடு பழுதுகளின் பதிவேடாகிறது. யாரை நோக்கி அது பேசுகிறது என்பது அதனினும் முதன்மையான செய்தி: இரும்புப் பட்டறைக்காரரையா, கொத்தனாரையா, சாணம் கரைக்கும் பெண்ணையா? இந்த வினாவை வைத்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் இக்காலம் வரையிலான வீட்டுக் கலனின் போக்கை இக்கட்டுரை ஆராய்கிறது.

எரு: ஒரு சொல், இரு பயன்

தமிழில் 'எரு' என்னும் சொல் உரத்தையும் குறிக்கும். அடுப்பெரிக்க உலர்த்திய சாணத்தையும் குறிக்கும். எருவிடுதல் என்றால் நிலத்திற்கு உரமிடுதல். எருமுட்டை என்றால் வறட்டி. ஒரே பொருள் வயலுக்கும் அடுப்புக்கும் பொதுவாயிருந்த வாழ்வை இச்சொல் தன்னுள் வைத்திருக்கிறது.

காலனிய வேளாண் அறிவியலுக்கு இவ்விரு பயன்களும் ஒன்றுக்கொன்று பகையாகத் தோன்றின. இந்திய வேளாண்மையை ஆராய்ந்து 1893இல் அறிக்கை வெளியிட்ட ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், சாணத்தை எரிப்பதால் நிலத்திற்கு நேரும் இழப்பை விரிவாகப் பேசினார். அவர் உழவரின் அறியாமையைக் காரணமாகக் காட்டவில்லை என்பது குறிக்கத்தக்கது. விறகு கிடைக்கும் இடத்தில் உழவர் சாணத்தை எரிப்பதில்லை. கிடைக்காத இடத்தில்தான் எரிக்கின்றனர் என்று கண்டு, எரிபொருளுக்கும் தீவனத்திற்குமான மரக்காடுகளை வளர்க்கும்படி அவர் பரிந்துரைத்தார். பின்வந்தோர் பலர் அவருடைய கவலையை எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டனர்.

சாண எரிவாயு இப்பகைமையைத் தீர்க்கும் வழியாக முன்வைக்கப்பட்டது. காற்றுப் புகாத கலனில் நுண்ணுயிர்கள் சாணக் கரைசலைச் சிதைக்கும்போது, ஏறத்தாழ 55 முதல் 60 விழுக்காடு மீத்தேன் உள்ள வாயு வெளிப்படுகிறது. மீந்த கரைசலில் தழைச்சத்து பெரிதும் எஞ்சுகிறது. ஆகவே அடுப்புக்கு வாயு, வயலுக்குக் கரைசல். எருவின் இரு பொருளும் ஒரு குழிக்குள் மீண்டும் கூடின எனலாம்.

இந்நுட்பம் இந்தியாவில் சாணத்திலிருந்து தொடங்கவில்லை. பம்பாயின் மாதுங்காவில் தொழுநோயாளர் இல்லத்தின் மலக்கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கெரித்த 1897ஆம் ஆண்டு முயற்சியே பொதுவாகத் தொடக்கமாகச் சுட்டப்படுகிறது. பின்னாளில் 'கோபர் காஸ்' என்னும் பெயர் நாடெங்கும் பரவியபோது இத்தொடக்கம் மறைந்தது. சாணம் தூய்மையானது, மலம் தீட்டு என்னும் சாதிய உணர்வு நிலவிய அடுக்களைகளில் இப்பெயரே ஒரு நுழைவுச்சீட்டாக அமைந்தது என்பது என் கருத்து.

மிதக்கும் உருளையும் இரும்புப் பட்டறையும்

1930களின் இறுதியில் தில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ்.வி. தேசாய் சாணத்தைக் கொண்டு சோதனைகள் நடத்தினார். வீட்டளவிலான கலனுக்கு உறுதியான வடிவம் தந்தவர் ஜஷ்பாய் படேல். அவர் 1951இல் உருவாக்கிய 'கிராமலட்சுமி' என்னும் கலன், 1960களின் தொடக்கத்தில் கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் கைக்கு வந்து நாடெங்கும் பரவியது.

அதன் அமைப்பு எளிது. செங்கல்லால் கட்டிய கிணறு போன்ற ஒரு குழி. அதனுள் சாணக் கரைசல். கரைசலின்மேல் கவிழ்த்த இரும்பு உருளை. வாயு சேரச்சேர உருளை மேலெழும். செலவழியச் செலவழியக் கீழிறங்கும். உருளையின் எடையே வாயுவுக்கு அழுத்தம் தருவதால் அழுத்தம் ஏறத்தாழ மாறாதிருக்கும். சுடரும் சீராக எரியும். எவ்வளவு வாயு இருக்கிறது என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. உருளையின் உயரத்தைக் கண்ணால் பார்த்தாலே போதும். வீட்டில் சமைப்பவருக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் பின்னர் வந்த வடிவங்கள் எவற்றிலும் அமையவில்லை.

இக்கலனுக்குரிய குறிப்புகளில் இரண்டு வரலாற்று நோக்கில் முதன்மையானவை. ஒன்று, உருளையை நாள்தோறும் இடமும் வலமும் சுழற்றுக என்பது. கரைசலின்மேல் வைக்கோலும் நாரும் மிதந்து ஏடாகப் படிந்து இறுகிவிடும். அந்த ஏட்டை உடைக்கவே உருளையின் உட்புறத்தில் குறுக்குக் கம்பிகள் வைக்கப்பட்டன. தென்னாப்பிரிக்காவில் பன்றிப் பண்ணைக் கழிவைக் கொண்டு வாயு எடுத்த ஜான் ஃப்ரை, 1974இல் வெளியிட்ட கட்டுமான நூலில் இந்த ஏட்டுடன் பட்ட பாட்டைத்தான் பெரிதாகப் பேசினார். நிமிர்ந்த கலனை விட்டுக் கிடைநிலைக் கலனுக்கு அவர் மாறியதற்கும் அதுவே காரணம். மண்ணும் விலங்கும் வேறாயினும் பழுது ஒன்றாகவே இருந்தது.

இரண்டாவது, உருளைக்கு ஆண்டுதோறும் வண்ணம் பூசுக என்பது. இந்த ஒற்றை வரிக்குள் இக்கலனின் பொருளியல் முழுவதும் அடங்கியுள்ளது. கலனின் மொத்தச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு இரும்பு உருளைக்கே சென்றது. அந்த இரும்பு, ஈரமும் அரிக்கும் வாயுவும் சூழத் துருப்பிடித்தது. பழுதான உருளையைத் தூக்கி வெளியிலெடுக்கப் பலர் வேண்டும். பற்றவைக்க நகரத்துப் பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வண்ணம் பூசாத உழவரைக் கவனமற்றவர் என்று சொல்வது எளிது. ஆனால் பூசுவதற்கு வாயுவை முழுதும் வெளியேற்றி, உருளையைத் தூக்கி, காயவைத்து, மீண்டும் இறக்க வேண்டும். அத்தனை நாளும் அடுப்புக்கு விறகு வேண்டும். விறகில்லை என்பதற்காகவே கட்டிய கலன் அது.

1973இன் எண்ணெய் நெருக்கடி இக்கலனை உலகறியச் செய்தது. அன்றைய எட்டாவா மாவட்டத்து அஜித்மல் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ராம் பக்ஷ் சிங்கின் பட்டறிவு, 1970களின் தொடக்கத்தில் 'மதர் எர்த் நியூஸ்' என்னும் அமெரிக்க இதழ் வழியாக, தம் கையால் வீடு கட்டி வாழ விரும்பிய அந்நாட்டு இளைஞரை எட்டியது. இந்தியச் சிற்றூர் ஒன்றன் ஆய்வு நிலையம் மேலைநாட்டு வாசகருக்கு ஆசானாக இருந்த இந்த அரிய தருணம், நம் அறிவியல் வரலாறுகளில் உரிய இடம் பெறவில்லை.

இதே காலத்தில் எதிர்க்குரலும் எழுந்தது. சி.ஆர். பிரசாத், கே. கிருஷ்ண பிரசாத், அமுல்ய ரெட்டி ஆகியோர் 1974இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் எழுதிய கட்டுரை, சாண எரிவாயுவின் வாய்ப்புகளையும் சிக்கல்களையும் ஒருசேர எடைபோட்டது. தெருவில் கிடந்த சாணத்தைப் பொறுக்கி வறட்டி தட்டிய ஏழைக்கு, மாடுள்ளவர் கலன் கட்டியபின் அச்சாணம் கிடைக்குமா என்னும் வினா அக்காலத்து விவாதங்களில் தொடர்ந்து ஒலித்தது.

குவிமாடம்: இரும்பிலிருந்து செங்கல்லுக்கு

இரும்பை விலக்கும் வழி சீனாவில் இருந்தது. அங்கு 1970களில் பெரும் மக்கள் இயக்கமாக ஏறத்தாழ 70 லட்சம் கலன்கள் கட்டப்பட்டன. அவற்றில் மேலெழும் உருளை கிடையாது. நிலத்தடியில் கட்டிய குவிமாடத்தின் உச்சியில் வாயு சேரும். சேரும் வாயு கரைசலை வெளியேற்றுத் தொட்டிக்குத் தள்ளும். வாயு செலவழிந்ததும் கரைசல் திரும்பி வரும். அசையும் உறுப்பு ஒன்றுமில்லை. துருப்பிடிக்கும் பொருளும் ஏறக்குறைய இல்லை. சிச்சுவான் மாநிலத்தில் உருவான கையேடு ஒன்று 1979இல் லண்டனில் ஆங்கிலமாக்கம் பெற்று உலகெங்கும் வாசிக்கப்பட்டது. உள்ளூரில் கிடைக்கும் கல், சுண்ணாம்பு, களிமண் எதைக் கொண்டும் கட்டலாம் என்னும் நம்பிக்கை அவ்வியக்கத்தின் உயிர்நாடி. விரைந்து கட்டப்பட்ட அக்கலன்களுட் பெருந்தொகையானவை சில ஆண்டுகளில் கசிந்து கைவிடப்பட்டன என்பதும் அதே வரலாற்றின் பகுதி.

அஜித்மலில் 1978இல் உருவான 'ஜனதா' கலன் சீன வடிவத்தின் இந்தியத் தழுவல். 1984இல் அஃப்ப்ரோ என்னும் தில்லித் தொண்டு நிறுவனம் 'தீனபந்து' கலனை வடிவமைத்தது. இரு கோளப் பகுதிகளை அடியில் பொருத்தியது போன்ற அதன் உருவம், சுவரின் பரப்பைக் குறைத்துச் செங்கல்லையும் சிமெண்டையும் மிச்சப்படுத்தியது. 1981-82இல் தொடங்கிய தேசிய எரிவாயு வளர்ச்சித் திட்டத்தின் மானியத்தோடு இவ்வடிவம் நாடெங்கும் சென்றது.

இம்மாற்றத்தை 'மலிவான கலன்' என்று மட்டும் கூறுவது போதாது. பட்டறையில் செய்து, சோதித்து, வண்டியேற்றி அனுப்பிய உருளையின் இடத்தில், இப்போது வீட்டுக் கொல்லையில் ஒருவர் கையால் கட்டும் குவிமாடம் வந்தது. காற்றுப் புகாமை என்னும் பண்பு, பற்றவைப்பவரின் கைத்திறனிலிருந்து கொத்தனாரின் கைத்திறனுக்கு இடம்பெயர்ந்தது.

கொத்தனாருக்கு இது பழகிய வேலையன்று. அவர் கட்டிய தொட்டிகள் நீரைத் தாங்கின. நீர்த்தொட்டியில் மயிரிழை விரிசல் பெரிய குற்றமாகாது, நாளடைவில் அடைந்தும் போகும். வாயு அவ்விரிசல் வழியே நாளெல்லாம் வெளியேறும். மேலும் செங்கல் கட்டடம் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. மிதக்கும் உருளையில் வாயுவின் அழுத்தம் ஏறத்தாழ 10 செ.மீ. நீர்மட்டம், குவிமாடத்திலோ அது நிறைந்த நிலையில் 90 செ.மீ. வரை உயரக்கூடும். உள்ளிருந்து மேல்நோக்கித் தள்ளும் அவ்விசையை எதிர்க்கக் குவிமாடத்தின்மேல் மண்ணிட்டு மூட வேண்டும். மண்மூடுதலைக் கட்டடத்தை மறைக்கும் வேலையாகக் கொண்டு அலட்சியம் செய்த இடத்தில் குவிமாடம் வெடிப்புவிட்டது. குழியின் பக்கவெளியை மண்ணும் நீருமிட்டுக் கெட்டித்தல், உட்புறத்தில் பல அடுக்காகப் பூசுதல், பூச்சு உலரும்முன் அடுத்த அடுக்கைத் தொடுதல், போதிய நாள்கள் நீர் தெளித்து இறுகவிடுதல் என்று கையேடுகள் இப்பகுதியில் திடீரென நீண்டுவிடுகின்றன. அந்நீளமே சான்று.

தீனபந்து குவிமாடத்தைக் கட்டும் முறை தனியே நோக்கத்தக்கது. ஜனதா கலனுக்குப் பலகையும் சாரமும் கொண்ட அடைப்பு வேண்டியிருந்தது. தீனபந்துவில் குழியின் நடுவில் ஊன்றிய முளையிலிருந்து ஒரு கயிற்றையோ கோலையோ நீட்டி, அந்த நீளத்தில் ஒவ்வொரு செங்கல்லையும் வைத்து வளையம் வளையமாக எழுப்புவர். கோலின் நீளமே குவிமாடத்தின் ஆரம். வரைபடம் படிக்கத் தெரியாதவரும் பிழையற்ற கோளப் பரப்பைக் கட்ட இந்த ஒரு கோல் உதவியது. வடிவமைப்பாளரின் கணிதத்தைக் கொத்தனாரின் கருவியாக மாற்றிய இக்கோல்தான் இவ்வரலாற்றின் சிறந்த கண்டுபிடிப்பு என்பேன்.

அரசுத் திட்டம் கொத்தனார்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தியது. கட்டி முடித்துக் குறிப்பிட்ட காலம் பராமரிக்கும் பணியாளருக்குக் கட்டணமும் வைத்தது. எனினும் அறிக்கைகளில் எண்ணப்பட்டது கட்டிய கலன்களின் தொகையே. 2010களின் நடுவில் அத்தொகை ஏறத்தாழ 50 லட்சத்தை எட்டியது. பயிற்சி பெற்ற கொத்தனார் கட்டட வேலைக்கு நகரம் சென்றுவிட்டால் அவரோடு அறிவும் சென்றுவிடும். கசியும் கலனை வைத்திருந்த வீட்டாருக்கு, தாம் வாங்கிய கடன் எஞ்சியது.

சாணம் கரைக்கும் கை

கட்டியபின் கலனை நடத்துவது யார்? கணக்கு பின்வருமாறு அமையும். ஒரு கிலோ சாணத்திலிருந்து ஏறத்தாழ 40 லிட்டர் வாயு கிடைக்கும். 2 கன மீட்டர்க் கலன் ஒரு சராசரிக் குடும்பத்தின் சமையலுக்குப் போதுமானது. அதற்கு நாள்தோறும் 50 கிலோ சாணமும் அதே அளவு நீரும் வேண்டும். அதாவது 4 முதல் 6 மாடுகள். தமிழ்நாடு போன்ற வெப்பமிகு பகுதிகளில் கரைசல் கலனில் தங்க 30 நாள் போதும். மலைப்பகுதிக்கு 55 நாள் வேண்டும். இந்த வகையில் தெற்கு உழவருக்குச் சிறிய குழியே போதும் என்பது ஒரு நற்பேறு. ஆயினும் முதன்முறை கலனை நிரப்ப 30 நாள் அளவான 1500 கிலோ சாணம் வேண்டும். அதைச் சேர்க்க முடியாமல் பாதி நிரம்பிய கலன்களில் வாயு சேர்வது தாமதமாகும். முதலில் வரும் வாயுவில் கரியமில வாயுவே மிகுதியாதலால் அது எரியவும் எரியாது. முதல் வாயுவை வெளியேற்றிவிடுக என்னும் குறிப்பை அறியாத வீட்டில், கலன் பழுது என்னும் முடிவு அன்றே பிறந்துவிடும்.

நாள்தோறும் 50 கிலோ சாணத்தை அள்ளி, 50 லிட்டர் நீரைச் சுமந்து, கையால் கரைத்து, நாரை நீக்கி ஊற்றும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. புகையற்ற அடுக்களை அவர்களுக்குக் கிட்டிய பெரும்பயன். கண்ணெரிச்சலும் இருமலும் குறைவதன் மதிப்பை எந்த வாயுக் கணக்கும் காட்டாது. விறகு பொறுக்கும் நேரமும் மிஞ்சியது. ஆனால் அந்நேரத்தின் ஒரு பகுதியை நீர் சுமத்தல் எடுத்துக்கொண்டது. கையேடுகள் ஆணை வீட்டுத் தலைவராகக் கொண்டு பேசின; அன்றாடக் குறிப்புகளுக்கு உரியவரோ வேறொருவர். 

கருநாடகத்தின் தும்கூர் மாவட்டத்துப் புரா என்னும் சிற்றூரில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா குழுவினர் பெற்ற பட்டறிவு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஊருக்குப் பொதுவான கலன்களிலிருந்து எல்லா வீடுகளுக்கும் சமையல் வாயு தர 1980களின் தொடக்கத்தில் முயன்றனர். எல்லாருடைய இருவேளைச் சமையலுக்கும் வாயு போதவில்லை, ஆர்வம் தளர்ந்தது. பின்னர் 1987 முதல் அதே வாயுவைக் கொண்டு இயந்திரத்தை ஓட்டி, ஆழ்துளைக் கிணற்று நீரையும் மின்விளக்கையும் வீடுகளுக்குத் தந்தபோது திட்டம் ஊன்றியது. சாணம் கொண்டுவந்தோருக்குச் சிறு கட்டணம் கிடைத்தது. செரித்த கரைசலும் அவர்களுக்கே திரும்பியது. வெளியிலிருந்து வந்தோர் எரிபொருளைச் சிக்கலாகக் கண்டனர். ஊராருக்குக் குடிநீரே முதல் தேவையாயிருந்தது.

கசிவுக்குப் பொறுப்பு

பழுதுக்கு யார் பொறுப்பு என்னும் வினாவுக்கு வேறொரு விடையை நேபாளத்தில் காண்கிறோம். அங்கு 1955இல் கோதாவரியின் பள்ளி ஒன்றில் சபோல் பாதிரியார் முதற் கலனை அமைத்தார். 1992இல் தொடங்கிய எரிவாயு ஆதரவுத் திட்டம் ஏறக்குறைய ஒரே குவிமாட வடிவத்தை ஏற்றது. குழியை வெட்டி, மண்ணையே குவிமாட அச்சாகத் திரட்டி, அதன்மேல் கான்கிரீட் வார்த்து, இறுகியபின் உள்மண்ணைத் தோண்டியெடுப்பது அம்முறை. மானியம் கட்டுமானத் தரச் சோதனையோடு பிணைக்கப்பட்டது. தரம் குறைந்தால் கட்டிய நிறுவனம் தண்டம் செலுத்த வேண்டும். கட்டியபின்னும் சில ஆண்டுகள் பழுதுநீக்க வேண்டும். 2000களின் நடுவில் கலன்களின் தொகை 1 லட்சத்தைக் கடந்தது. கொத்தனார் நேபாளத்தில் திறமை மிக்கவராகவும் இந்தியாவில் குறைந்தவராகவும் இருந்தார் என்று கொள்ளச் சான்றில்லை. கசிவின் இழப்பு அங்கு வீட்டார் தலையில் மட்டும் விழவில்லை என்பதே வேறுபாடு.

இந்தியாவிலோ அண்மைக் காலத்தில் மிதக்கும் உருளை மீண்டும் திரும்பியுள்ளது. இம்முறை நெகிழி வடிவில். ஆனந்த் கார்வே நிறுவிய புனேயின் ஆர்ட்டி நிறுவனம், கடைகளில் விற்கும் இரு நீர்த்தொட்டிகளை ஒன்றனுள் ஒன்று கவிழ்த்து, சாணத்திற்கு மாறாகச் சோறு, மாவு, பழக்கழிவு ஆகியவற்றால் இயங்கும் சிறு கலனை உருவாக்கி 2006இல் ஆஷ்டன் விருது பெற்றது. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம் 'சக்தி சுரபி' என்னும் பெயரில் அடுக்களைக் கழிவுக் கலன்களைப் பரப்பியது. வெல்டிங் பட்டறையும் வேண்டாம், கொத்தனாரும் வேண்டாம். வெட்டவும் குழாய் பொருத்தவும் தெரிந்த எவரும் வீட்டு மாடியில் ஒரே நாளில் அமைத்துவிடலாம். மாடில்லாத வீட்டுக்கும் வழி திறந்தது. ஆயினும் கலனைத் தொடங்கிவைக்க முதலில் ஓரளவு சாணக் கரைசல் தேவைப்படுகிறது. நுண்ணுயிர்கள் அதிலிருந்தே வர வேண்டும்.

இக்கலன்களுக்கான குறிப்புகளில் வண்ணம் பூசுக என்பது மறைந்துவிட்டது. குவிமாடத்திற்கு மண்ணிடுக என்பதும் இல்லை. சமையல் எரிவாயு அடுப்பை அப்படியே பயன்படுத்தாமல் அதன் வாயுத்துளையை அகலப்படுத்துக என்னும் பழைய வரி தொடர்கிறது. சாண வாயுவைப் போலவே இதற்கும் வெப்பத்திறன் குறைவு. புதிதாக ஒரு வரி சேர்ந்துள்ளது: கழிவு மிகுந்த நாளில் எல்லாவற்றையும் ஒருசேரக் கொட்டாதீர்கள், கரைசல் புளித்து வாயு நின்றுவிடும், அவ்வாறு நின்றால் சில நாள்களுக்கு ஒன்றும் இடாமல் விட்டுவிடுங்கள் என்பது அவ்வரி. திருமணமும் திருவிழாவும் முடிந்து சோறு மிஞ்சிய வீடுகளில் இது எழுதப்பட்டிருக்க வேண்டும்.